மலிவு ரைஃபிளும் ஒரு மூட்டை சர்வைவல் சாமானும்: இரண்டு வருடம் கழித்து ஒரு ரிவ்யூ

வாங்கிய மறுநாளே இந்த ரிவ்யூவை எழுதியிருக்கலாம். பெட்டியைப் பிரித்து, எண்ணெய் வாசனை அடிக்கும் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்த கையோடு ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்கள்தான் அதிகம், நானும் போட்டிருப்பேன். சோம்பலில் தள்ளிப்போட்டதில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது எந்தச் சாமான் தேய்ந்திருக்கிறது, எது தூசி பிடித்திருக்கிறது, எது குப்பைக்குப் போனது என்று பார்த்துச் சொல்ல முடிகிறது.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். உலகம் அழியப்போகிறது என்று நிலவறை தோண்டுகிற ஆள் இல்லை. புயலோ வெள்ளமோ வந்தால் நாலு நாள் கரண்ட் இருக்காது, குழாயில் தண்ணீர் வராது, ரோடு அடைத்துக்கொள்ளும், அதற்கு வீட்டில் ஏதாவது இருக்கட்டும் என்கிற அளவு பயம்தான். கூடவே லீவு நாளில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் அட்டையில் ஓட்டை போடுகிற ஆசையும் உண்டு. இந்தப் பயமும் இந்த ஆசையும் வேறு வேறு என்பது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கிறார்கள், நாமும் ஒரே பில்லில் வாங்கிவிடுகிறோம். அதில்தான் பணம் கரைகிறது.

சரி, ரைஃபிள். நான் வாங்கியது ரூகர் 10/22. 1964-இல் வந்த மாடல், இன்னும் ஏறக்குறைய அதே வடிவத்தில் விற்கிறார்கள். சுமார் இரண்டேகால் கிலோ எடை, .22 லாங் ரைஃபிள் தோட்டா, பத்துத் தோட்டா பிடிக்கும் சுழல் மேகஸின். அந்த மேகஸின்தான் இதன் மூளை என்பேன். .22 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண மேகஸினில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்கும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டு அடம் பிடிக்கும். சுழல் மேகஸினில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிப் பள்ளம், ஒன்றோடொன்று உரசுவதே இல்லை. துப்பாக்கியின் அடிப்பக்கம் எதுவும் துருத்திக்கொண்டும் நிற்காது. குழலைப் பிடித்திருப்பது இரண்டே ஸ்க்ரூ, கழற்றி வேறு குழல் மாட்ட பெரிய பட்டறை வேண்டியதில்லை. இதனாலேயே இதற்கு உதிரிபாகம் செய்வதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. எதை வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றிக்கொண்டே இருக்கலாம், கடைசியில் முதலில் வாங்கிய துப்பாக்கியில் மிஞ்சுவது சீரியல் நம்பர் மட்டும்தான் என்று ரேஞ்சில் கிண்டல் செய்வார்கள். நான் இதுவரை எதையும் மாற்றவில்லை. விசை (ட்ரிகர்) கொஞ்சம் கனம்தான், பழகிவிட்டது.

ஆனால் பட்ஜெட் என்ற கோணத்தில் துப்பாக்கியைவிட அதற்குள் போகும் தோட்டா முக்கியம். .22 லாங் ரைஃபிள் 1887-இல் வந்தது. குண்டின் எடை பொதுவாக 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் கூட. தோளில் உதை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. பெரிய ரைஃபிளோடு ஆரம்பிக்கிற பலர் நாலாவது குண்டிலேயே கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழகிவிடுவார்கள், அப்புறம் அந்தக் கெட்ட பழக்கத்தை விடுவதற்கு ஆறு மாதம். .22-இல் அந்தப் பயமே வராது, நிதானமாக விசையை அழுத்துவது எப்படி என்று மட்டும் கற்றுக்கொள்ளலாம். பெரிய ரைஃபிளில் இருபது குண்டு சுடும் செலவில் இதில் ஒரு மதியம் முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது ரிம்ஃபயர் தோட்டா, தீப்பற்றும் மருந்து அடி விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். அந்த மருந்து விளிம்பு முழுக்கச் சரியாகப் பரவாமல் போனால் சுடும் ஊசி அடித்தும் வெடிக்காது. மலிவான மொத்த டப்பாக்களில் இப்படிச் சொதப்பும் தோட்டா எப்போதாவது வரத்தான் செய்யும். வந்தால் உடனே திறந்து பார்க்காதீர்கள், குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்திருந்து அப்புறம் வெளியே எடுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு. சுட்ட உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவதும் நடைமுறையில் முடியாது, ஆகவே கடையில் வருவதை நம்பித்தான் இருக்க வேண்டும். 2013 வாக்கில் அமெரிக்காவிலேயே .22 தோட்டா கிடைக்காமல், கடை திறப்பதற்கு முன்பே ஆட்கள் வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. உலகிலேயே மலிவான தோட்டாவுக்கு அந்தக் கதி.

இன்னொன்று, பாதிப் பேர் இதைப் பொம்மைத் துப்பாக்கி என்று நினைக்கிறார்கள். 50 மீட்டரில் குறி சரிசெய்த ரைஃபிள் 100 மீட்டரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே போகும் என்பது உண்மை, அதனால் தூரத்துக்குச் சரிப்படாது. ஆனால் குறி போகாத தூரம் வரைக்கும் குண்டு போகும். தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சடித்திருப்பார்கள், கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர். கடினமான மண், கல், தண்ணீர்ப் பரப்பு எதில் பட்டாலும் தெறித்துத் திசை மாறும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் காலி டப்பாவை வைத்துச் சுடுகிறவர்களோடு நான் சேர்வதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் 10/22 மாதிரி, விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் செமி ஆட்டோ என்பதே பல நாடுகளில் பெரிய விவகாரம். ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு செமி ஆட்டோ .22 கூடச் சாதாரண உரிமத்தில் வராது. அப்படிப்பட்ட இடங்களில் போல்ட் ஆக்ஷன் .22 வாங்குங்கள், அதில் ஒன்றும் குறைவில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டியிருப்பதால் தோட்டாச் செலவு தானாகவே பாதியாகிவிடும் என்பது கூடுதல் லாபம். எதுவானாலும் உரிமம் முதலில், துப்பாக்கி அப்புறம்.

இங்கே "சர்வைவல் ரைஃபிள்" என்ற பெயரில் விற்கிற சாமானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வகைக்குப் பெயர்போனது ஏஆர்-7. பின்னாளில் எம்-16 ஆன ஏஆர்-15-ஐ வடிவமைத்த யூஜின் ஸ்டோனர்தான் இதையும் ஆர்மலைட் நிறுவனத்துக்காகச் செய்தார், 1959-இல் வந்தது. இதற்கு முன்னோடி அமெரிக்க விமானப் படைக்காக, விமானம் விழுந்து காட்டில் மாட்டிக்கொண்ட பைலட் வைத்திருப்பதற்காக வரைந்த ஏஆர்-5. ஏஆர்-7-இல் குழல், உடல், மேகஸின் எல்லாம் தோளில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். இப்போது ஹென்றி நிறுவனம் செய்கிறது, எடை 1.6 கிலோ, தண்ணீரில் போட்டால் மிதக்கும். கேட்கும்போதே கை பரபரக்கும். நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, பிரித்துச் சேர்க்கிற விளையாட்டுக்காகவே நான் அரை மணி நேரம் அதோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வாங்கவில்லை. காரணம் எளிது, படகிலோ சிறு விமானத்திலோ போகிறவனுக்கு அந்த மடிப்பு தேவை, அலமாரியில் பூட்டி வைக்கப்போகிற எனக்கு என்ன தேவை? மடித்து எடுத்துப் போகவும் வேண்டும், ரேஞ்சில் நிம்மதியாகச் சுடவும் வேண்டும் என்றால் 2012-இல் வந்த 10/22 டேக்டவுன் இருக்கிறது, நடுவில் திருகினால் இரண்டாகும். ஏஆர்-7-ஐ விட எடை அரைக் கிலோ கூட. நான் மறுபடி வாங்குவதானால் அதைத்தான் வாங்குவேன்.

மலிவு என்றதும் பழைய ராணுவ ரைஃபிளைச் சொல்கிறவர்களும் உண்டு. மோசின் நாகாண்ட், 1891 மாடல் ரஷ்ய ரைஃபிள். ஒரு காலத்தில் கிரீஸில் முக்கி எடுத்துப் பெட்டி பெட்டியாக அமெரிக்காவில் கொட்டினார்கள், பேரழிவுக்கு முன்கூட்டியே தயாராகிற பிரெப்பர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கிப் போட்டார்கள். அந்த மலிவுக் காலம் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்போது வாங்கி, கூடவே அதே காலத்துப் பழைய தோட்டாவும் ஒரு டப்பா வாங்கி, ஒரு நாள் ஆசை தீரச் சுட்டுவிட்டு, எண்ணெயில் நனைத்த துணியை உள்ளே விட்டுத் துடைத்து நிம்மதியாக வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் குழலுக்குள் செம்மண் மாதிரி துரு. பழைய தோட்டாவின் பிரைமரில், அதாவது தீப்பற்றவைக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும், வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடு ஆகும், அதாவது கிட்டத்தட்ட உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும், ஆகவே முதலில் சுடுதண்ணீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அப்புறம்தான் எண்ணெய். துப்பாக்கிக்குள் தண்ணீர் ஊற்றுவதா என்று அவருக்கு மனசு வரவில்லை.

ஷாட்கன் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் வைத்திருக்கவில்லை, இரவல் வாங்கிச் சுட்டதுதான். மேவரிக் 88 என்று மாஸ்பெர்க் குடும்பத்தின் மலிவு மாடல். மாஸ்பெர்க் 500-இன் தம்பி என்று வையுங்கள். தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி மேலே கட்டைவிரலுக்கு வராமல் விசைக்கு முன்னால் குறுக்குப் பொத்தானாக இருக்கும், முக்கியமான வித்தியாசம் அதுதான். 12 கேஜ் என்றால் குழலின் அகலத்துக்கு ஈயக் குண்டு வார்த்தால் பன்னிரண்டு குண்டு சேர்ந்து ஒரு பவுண்டு என்று கணக்கு. உதை நன்றாகவே இருக்கும். பத்துக்கு மேல் சுட்டால் மறுநாள் தோள்பட்டை ஞாபகப்படுத்தும். நல்ல சாமான், என் உபயோகத்துக்கு வேண்டாம்.

இப்போது இந்த ரிவ்யூவின் செல்லப்பிள்ளைக்கு வருகிறேன். .22-ஐ விட நான் அதிகம் சுட்டது ஏர் ரைஃபிள். ஸ்பிரிங் வகை, குழலை மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும், விசையை இழுத்தால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும், அந்தக் காற்று பெல்லட் என்ற சின்னக் குண்டைத் தள்ளும். காஸ் குப்பி வேண்டாம், பம்ப் வேண்டாம், பேட்டரி வேண்டாம். 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஒரு டப்பா வாங்கினால் ஐந்நூறு முறை சுடலாம், வீட்டுக்குள் பத்து மீட்டர் நீளம் கிடைத்தால் மழையைப் பற்றிக் கவலையில்லை. இந்தியாவில் குண்டின் சக்தி 20 ஜூலும் குழலின் அகலம் 0.177 அங்குலமும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம், ஜெர்மனியில் அந்த வரம்பு 7.5 ஜூல், இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் சொச்சம். வாங்குவதற்கு முன் உங்கள் இடத்து வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் என்றால் சும்மா இல்லை, 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய தூரம் அது. அந்த இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு, பெல்லட்டின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. அந்த அட்டையை வாங்கிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள், உங்கள் கையைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் கர்வம் ஒரு மாலையில் இறங்கிவிடும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் எனக்கு முதல் மூன்று மாதம் நரகம். குண்டு ஒரு அட்டையில் மேலே, அடுத்ததில் கீழே. குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திட்டினேன், பெல்லட்டைத் திட்டினேன், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது மாதிரி. உண்மையான காரணம், பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் ஓடி முட்டித் துப்பாக்கியே குலுங்குகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்தக் குலுக்கல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போகும். தளர்வாக, உள்ளங்கையில் சும்மா படுக்கப் போட்ட மாதிரி வைத்துக்கொண்டு அது தன் இஷ்டத்துக்குக் குலுங்க விட்டுவிட வேண்டும். இது தெரிந்த அன்று அட்டையில் என் குண்டுகள் சிதறும் வட்டம் பாதியாகச் சுருங்கியது. தவிர, இந்தக் குலுக்கல் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் வருவதால் சாதாரண ஸ்கோப் தாங்காது. பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இதில் உடையும். நான் முதலில் மாட்டிய மலிவு ஸ்கோப், கம்பெனி பெயர் வேண்டாம், ஆறு வாரத்தில் உள்ளே குறுக்குக் கம்பி சாய்ந்துபோனது. ஏர்கன்னுக்கென்றே செய்ததை வாங்குங்கள். பெல்லட் போடாமல் வெறுமனே விசையை இழுக்காதீர்கள், எதிர்க் காற்று இல்லாமல் பிஸ்டன் போய் மோதி ஸ்பிரிங்கும் சீலும் வீணாகும். கண்ட எண்ணெயையும் காற்றறைக்குள் விட வேண்டாம், அழுத்தத்தில் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும்.

துப்பாக்கி விலையோடு கணக்கு முடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பூட்டும் அலமாரி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, கண்ணாடி, காதுக்கு அடைப்பு, துடைக்கும் கயிறு, கிளப் சந்தா. இதில் காதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன். .22 ரைஃபிளின் சத்தமே 140 டெசிபலை ஒட்டி இருக்கும், ஒரே வெடிச்சத்தத்தில் காது கெடலாம் என்று சொல்லும் எல்லைக்கோடு அதுதான். ஷாட்கன் 150-ஐத் தாண்டும். நுரை அடைப்பும் மேலே காதை மூடும் மஃபும் இரண்டும் போட்டால் இரட்டிப்பாகத் தடுக்கும் என்று நினைப்போம், அப்படி இல்லை, ஐந்து டெசிபல் அளவுதான் கூடும். ஆனாலும் மூடிய ரேஞ்சில் நான் இரண்டும் போடுகிறேன். என்னோடு சுடும் பெரியவர் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று பேசினால் கேட்காது, இளமையில் காதில் பஞ்சுகூட வைக்காமல் சுட்டதாகச் சொல்வார். அப்புறம் ஈயம். குண்டிலும் இருக்கிறது, .22-இன் தீமருந்திலும் பெரும்பாலும் இருக்கிறது. ரேஞ்சில் எதையும் சாப்பிடாதீர்கள், கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள்.

இதுவரை ஆசை. இனி பயம்.

போன வருடம் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தோம். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயின் ஸ்விட்சை அணைத்தேன், தண்ணீர்க் குழாயை அடைத்தேன், ஞாயிறு இரவு வரை திறப்பதில்லை என்று முடிவு. அவசரத்துக்கென்று கட்டிவைத்த பையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் திருவிழா. அதற்கப்புறம் ஒவ்வொரு சாமானாக முகத்திரை கிழிந்தது.

தண்ணீர்தான் முதல் அடி. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், குடிக்க அது போதும், கழிப்பறைக்கு ஒரு சொட்டும் மிஞ்சாது. சனிக்கிழமை மத்தியானமே மழைநீர்ப் பீப்பாயில் கை வைக்க வேண்டியதாயிற்று. சாயர் ஸ்க்வீஸ் ஃபில்டர் அங்கே கைகொடுத்தது. 0.1 மைக்ரான் துளையுள்ள குழாய் நூல்கள், பையில் தண்ணீரைப் பிடித்து அழுத்தினால் மறுபக்கம் தெளிவாக வரும். அடைத்துக்கொண்டால் கூடவே வரும் சிரிஞ்சால் பின்பக்கமாகத் தள்ளிக் கழுவலாம். இதுவரை என்னை ஏமாற்றவில்லை. உறிஞ்சிக் குடிக்கும் லைஃப்ஸ்ட்ராவும் நல்ல சாமான்தான், 0.2 மைக்ரான், ஆனால் அதை வாயில் வைத்து உறிஞ்சத்தான் முடியும், பாத்திரத்தில் பிடித்துவைக்க முடியாது, நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒத்துவராது. இந்த இரண்டுமே பாக்டீரியாவையும் அதைவிடப் பெரிய கிருமிகளையும்தான் தடுக்கும், வைரஸ் இந்தத் துளைகளைவிடச் சிறிது, தாராளமாக நுழைந்துவிடும். சாக்கடை கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் கொதிக்கவைப்பதுதான் வழி, நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம். இன்னொரு விஷயம், ஒருமுறை நனைந்த ஃபில்டர் உறைபனியில் கிடந்தால் நூல்கள் உள்ளுக்குள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. குளிர் தேசத்தில் இருப்பவர்கள் காரில் விட்டுவிடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு நான் பெருமையாக வாங்கிவைத்திருந்தது ஒரு "தந்திரோபாய" டார்ச், அதுவும் பெயர் வேண்டாம். பெட்டியில் போட்டிருந்த லுமென் கணக்கை, அதாவது வெளிச்சத்தின் அளவைப் பார்த்தால் கலங்கரை விளக்கமே நாணும். திறந்து பார்த்தால் உள்ளே ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கைத் தின்றிருந்தது. பேட்டரியைப் போட்டபடியே வருடக்கணக்கில் வைத்தது என் தப்பு. அன்று இரவு முழுக்க வேலை செய்தது ரேஞ்சுக்குப் பக்கத்துக் கடையில் அடிமாட்டு விலைக்கு வாங்கிய சாதாரண தலைவிளக்கு. இரண்டு கையும் காலியாக இருக்கும் என்பதன் அருமை இருட்டில் பாத்திரம் தேய்த்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். இப்போது எல்லா விளக்கையும் டபுள் ஏ பேட்டரியில் ஓடுவதாகவே வைத்திருக்கிறேன், தினப்புழக்கத்துக்கு ரீசார்ஜ் ஆகும் எனலூப், பைக்குள் லித்தியம் டபுள் ஏ. லித்தியம் கசிவது அபூர்வம், இருபது வருடம் தாங்கும் என்று போட்டு விற்கிறார்கள்.

கத்தி, மோராக்னிவ் கம்பானியன். ஸ்வீடன் கத்தி, அந்தக் கம்பெனியும் மோசின் ரைஃபிள் மாதிரி 1891-இல்தான் ஆரம்பம். பத்து சென்டிமீட்டர் அலகு, பிளாஸ்டிக் உறை, பந்தா எதுவும் கிடையாது. தீட்டுவது சுலபம், விலையைப் பார்த்தால் நாலு வாங்கத் தோன்றும். ஒரே குறை, முதுகுப் பக்கம் மழுங்கலாக இருப்பதால் தீப்பொறிக் கம்பியைச் சுரண்டப் பிடிப்பு கிடைக்காது, அரத்தால் ராவிக்கொண்டேன். அந்தக் கம்பியை எல்லாப் பையிலும் போட்டு விற்கிறார்கள். ஃபெரோசீரியம், ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் 1903-இல் கண்டுபிடித்தது, பொறி 3,000 டிகிரி வரை போகும். நனைந்தாலும் வேலை செய்யும் என்பது உண்மை. எனக்குச் சனிக்கிழமை இரவு அடுப்பு பற்றவைக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது என்பதும் உண்மை. வீட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே லைட்டரை நீட்டினார். பையில் இப்போது லைட்டர் மூன்று.

ஆன்லைனில் ஆசைப்பட்டு வாங்கிய "எல்லாம் அடங்கிய" கிட் ஒன்று, கறுப்புப் பெட்டிக்குள் முப்பது சாமான். கம்பி ரம்பம் இரண்டாவது இழுப்பில் அறுந்தது. திசைகாட்டி பக்கத்தில் கத்தி இருந்தால் கத்தியைக் காட்டியது, இல்லாவிட்டால் அதற்குத் தோன்றிய திசை. விசில் மட்டும் நன்றாக ஊதியது, அதைக் குழந்தை எடுத்துக்கொண்டது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. முதலுதவிப் பையில் இரத்தப்போக்கை இறுக்கி நிறுத்தும் டூர்னிகெட் பட்டை ஒன்று வைத்திருந்தேன். துப்பாக்கியோ கோடாலியோ புழங்குகிற இடத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள். ராணுவத்தில் பயன்படுத்தும் காட் (CAT) மாடலைப் போலவே இருந்தது, விலை மட்டும் கால்வாசி. அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் என் தொடையிலேயே கட்டிப் பழகிப் பார்த்தேன். திருகுக் கட்டையை இரண்டாவது சுற்று சுற்றும்போது வளைந்தது, மூன்றாவதில் படாரென்று ஒடிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அசலைப் பார்த்து அச்சில் ஊற்றிய போலி. பிளாஸ்டிக்தான் ஏமாற்று, லேபிள் எல்லாம் அச்சு அசல். விற்றவரிடம் கேட்டதற்கு "பயிற்சிக்கு மட்டும்" என்று எங்கேயோ மூலையில் எழுதியிருந்ததைக் காட்டினார். அன்றே தயாரிப்பாளரின் அங்கீகரித்த விற்பனையாளரிடம் இரண்டு ஆர்டர் போட்டேன், ஒன்று ரேஞ்ச் பைக்கு, ஒன்று வீட்டுக்கு. கூடவே ஒரு நாள் முதலுதவி வகுப்புக்கும் போய்வந்தேன். காயத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் அல்ல, கட்டிய நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும், வலியில் கத்தினாலும் தளர்த்தக் கூடாது. வாசித்துத் தெரிந்துகொண்டதும் கையால் செய்து பார்த்ததும் ஒன்றல்ல.

அந்த இரண்டு நாளில் ரைஃபிள் இருந்த அலமாரியை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. திறக்கும் தேவை வரவில்லை, நினைவும் வரவில்லை. அதனால் ரைஃபிள் வீண் என்று சொல்லமாட்டேன், இரண்டு வருடத்தில் எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்த சாமான் அதுவும் ஏர் ரைஃபிளும்தான். அதை "அவசர காலத் தேவை" என்ற கணக்கில் எழுதி வாங்கியதுதான் பிசகு. இப்போது பொழுதுபோக்குக் கணக்கில் மாற்றி எழுதிவிட்டேன், மாதாமாதம் தோட்டா வாங்கும்போது மனசாட்சியும் தொந்தரவு செய்வதில்லை.

நட்சத்திரம் போடச் சொன்னால்: சாயருக்கும் மோராவுக்கும் ஐந்து. 10/22-க்கு நாலரை, அரை நட்சத்திரம் அந்தக் கனமான விசைக்காகப் பிடித்துக்கொண்டேன். ஏர் ரைஃபிளுக்கு முதல் மூன்று மாதத்தைக் கழித்துவிட்டால் ஐந்து. கறுப்புப் பெட்டிக்கு விசிலுக்காக ஒன்று. தலைவிளக்குக்கு எத்தனை வேண்டுமானாலும் போடுவேன், ஆனால் பையில் அது நிற்பதே இல்லை, பரீட்சை முடிந்ததிலிருந்து வீட்டில் ஆளாளுக்கு ஒன்று வேண்டும் என்று எடுத்துப்போய்விடுகிறார்கள். போன வாரம் நாலாவது வாங்கி வைத்தேன். இன்று காலையில் பார்த்தேன், அதையும் காணோம்.